நர்ஸம்மாவுக்கு நாம் செய்ய வேண்டிய மொய்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

மாரியம்மன் துணை

ஊர் மக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் விழாக் குழுவின் வணக்கம்.

துணை சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில், தாய்மார்கள் காத்திருக்க நாம் கட்டும் கூடத்துக்காக எட்டுத் தூண்கள் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை மாதமாக அப்படியேதான் நிற்கின்றன. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. ஜூலை 30 திறப்பு விழா என்று சுற்றுவட்டாரத்துக்கே சொல்லியாகிவிட்டது. ஜூலை 8க்குள் முன்பணம் கொடுத்தால்தான் கூரையை முடிக்க முடியும் என்று வெல்டிங் பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். கையில் அதற்குப் போதுமான பணம் இல்லை.

ஜூலை 30தான் ஏன் என்று இளவட்டங்கள் சிலர் கேட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டையில் பிறந்த நாள் அது, 1886ஆம் ஆண்டு. பெண் பிள்ளை வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் கல்லூரியில் பெண்ணா என்று பலர் எதிர்த்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரை மகாராஜா கல்லூரியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர், 1912இல் டாக்டராக வெளியே வந்தார். சென்னை மாகாண மேலவையில் துணைத் தலைவராக உட்கார்ந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று வாதாடினார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1947இல் சட்டம் வந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் எழுப்பியதுதான். இந்தக் கதையை நம் குழுப் பெரியவர்கள் ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், ஆனாலும் நிறுத்த மாட்டார்கள். பெருமை இருக்கத்தானே செய்யும்? 2019 முதல் அவர் பிறந்த நாளை அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. நம் வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவியும் அவர் பெயரில்தான்.

சரி, அவருக்குப் படம் வைத்து மாலை போடுவது சுலபம். நம் கண் முன்னால் அதே வேலையைச் செய்தவர்களுக்கு என்ன செய்தோம்?

நம் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா 1988இல் இங்கே வந்தார். நடுவில் மூன்று வருடம் வேறு ஊருக்கு மாற்றினார்கள். மற்ற காலமெல்லாம் நம்மோடுதான். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் மாவட்டத்துப் பெண்களெல்லாம் சைக்கிள் பழகினார்களே, அப்போது அவரும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினார். பிறகு நான்கு குக்கிராமங்களுக்கும் அந்தச் சைக்கிளில்தான், பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். தட்டம்மை ஊசி போட வந்தபோது, "ஆத்தா கோபிப்பாள்" என்று கதவைச் சாத்திய வீடுகள் இங்கே உண்டு. நர்ஸம்மா சண்டை போடவில்லை. செவ்வாய்க்கிழமை கோயிலில் எல்லோருக்கும் முன்னால் கூழ் ஊற்றிவிட்டு, மறுநாள் அதே வீடுகளின் கதவைத் தட்டினார். அப்புறம் ஒரு கதவும் சாத்தப்படவில்லை.

நிலையத்து வாசல் வேப்பமரக் கிளையில்தான் தராசைத் தொங்கவிடுவார். தூளியில் போட்ட பிள்ளை வீறிட்டு அழ, முள் ஆடி நிற்கும்வரை எடையைச் சொல்லமாட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் அந்த மரத்தையும் வேரோடு சாய்த்தது. அன்றிலிருந்து புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களுக்கு நிழல் இல்லை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மழை வந்தால் கைப்பிள்ளையோடு பிள்ளையார் கோயில் திண்ணைக்கு ஓடுகிறார்கள். பால் கொடுக்க மறைவிடம் கிடையாது.

அதனால்தான் இந்தக் காத்திருப்புக் கூடம், ஒரு மூலையில் பாலூட்டும் அறையோடு. சுவரில் கல்வெட்டு. அதில் நர்ஸம்மா பெயரும், பால்வாடி டீச்சர் பெயரும், நம் மூன்று தலைமுறைக்குச் சத்துணவு ஆக்கிப்போட்ட ஆயா பெயரும் இருக்கும். சுகாதாரத் துறையின் அனுமதிக் கடிதம் வாங்கியாகிவிட்டது.

கணக்கு இதுதான். அஸ்திவாரம், தூண், சுவர் 1,10,000. இரும்புச் சட்டம், கூரைத் தகடு 96,000. பாலூட்டும் அறைத் தடுப்பும் கதவும் 38,000. தரை 34,000. கல்வெட்டு 12,000. விழாச் செலவு, சாப்பாடு உட்பட 25,000. மொத்தம் 3,15,000 ரூபாய். இதுவரை வந்தது 1,92,500. பற்றாக்குறை 1,22,500.

கொடுத்தவர்களை மறக்கமாட்டோம். சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்ட ஒரே வாரத்தில் 75,000 அனுப்பினார்கள். காளவாசல்காரர் 3,000 செங்கல்லை வண்டி வாடகை கூட வாங்காமல் இறக்கிவிட்டுப் போனார். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து எண்ணியதில் 1,860 ரூபாய், பாதிக்கு மேல் சில்லறை. கீழத்தெரு அப்பத்தா ஒருவர் ஆடு விற்ற பணத்தில் 500 ரூபாயை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். அவருடைய ஆறு பிள்ளைகளில் இரண்டு பேர் ஊசி இல்லாத காலத்தில் போனவர்கள். "எனக்கு ரசீது எதுக்குய்யா" என்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோயில் முன்னால், ஊர் கேட்க, தருகிறேன் என்று சொன்ன பதினொரு பேரிடமிருந்து 47,000 இன்னும் வரவில்லை. பெயர் எழுத எங்களுக்கு மனசு வரவில்லை, எழுதும்படி வைத்துவிடாதீர்கள். ஆடி பிறந்தால் மொய் விருந்தில் கறிச்சோறு போட்டு லட்சக்கணக்கில் எழுதுகிற சீமை இது. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவனை நாம் என்ன சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். சட்டைக் கையைச் சுருட்டி இடது தோளைப் பாருங்கள். அந்தத் தழும்பு நர்ஸம்மா உங்களுக்கு எழுதிய மொய்.

பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவை ரேஷன் கடைப் பலகையில் வாராவாரம் ஒட்டுகிறோம். பணமாக முடியாதவர்கள் ஒரு மூட்டை சிமென்ட், ஒரு நாள் சித்தாள் வேலை என எதுவும் தரலாம்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்

பி.கு.: விழாவில் நர்ஸம்மாவுக்குப் பட்டுச் சேலை எடுப்பதாக இருந்தோம். வேண்டாம் என்றுவிட்டார். கூரைச் சட்டத்தில் நல்ல கனமான கொக்கி ஒன்று வைத்துக் கொடுங்கள், தராசு மாட்ட ஆகும் என்றார். பட்டறைக்காரரிடம் சொல்லியிருக்கிறோம், அதற்குத் தனியாகக் காசு வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார்.