அப்பாவுக்குக் கோபம் இல்லை

கண்ணா,

போனில் ஆரம்பித்தால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், முழுசாகப் படி. ஞாயிற்றுக்கிழமை நீ புரமோஷன் விஷயம் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை, முகத்தை அப்படியே வைத்திருந்தார். அதற்கப்புறம் உன்னிடமிருந்து போனே இல்லை. அந்த வீட்டு விஷயத்தை நான் கிளறவில்லை, அவரும் அதை நினைத்து அப்படி இருக்கவில்லை.

அவருக்கு இருக்கிற பார்க்கின்சன் நோய்தான் காரணம், நரம்பு டாக்டர் படம் வரைந்து காட்டினார். மூளையின் அடியில் கருப்பாக ஒரு சின்ன இடம், அங்கே இருக்கிற செல்கள்தான் உடம்பு அசைவதற்கான டோபமைன் என்கிற ரசாயனத்தைத் தருகின்றன. கை நடுங்க ஆரம்பிப்பதற்குள் அதில் பாதி போய்விடுகிறதாம். சிரிப்பதும் ஓர் அசைவுதானே, அதுவும் குறைந்துபோகிறது. நீ போனை வைத்ததும் பால்காரரிடம் "பையனுக்குப் புரமோஷன்" என்றார், குரலும் எழும்பவில்லை, அவர் "என்ன சார்?" என்று திரும்பக் கேட்க, அப்பா மறுபடியும் சொன்னார்.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அப்பா போடுகிற மாத்திரையில் இருக்கிற லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். வெளியிலேயே மாறிக் குமட்டாமல் இருக்க அதோடு கார்பிடோபா சேர்த்திருக்கிறார்கள். 1960களில் வந்த மருந்து, இன்றைக்கும் அசைவுக்கு இதைவிட நன்றாகக் கேட்கிற மாத்திரை இல்லை. ஆனால் போன செல்லை அது திருப்பித் தராது, வேகமும் சில மணி நேரம்தான். நீ கூப்பிட்டது காலை ஏழு மணிக்கு. ராத்திரி போட்டதன் வேகம் அடங்கியிருக்கும், அடுத்தது ஏழரைக்குத்தான். பருப்பு, முட்டை, பாலில் இருக்கிற புரதம் மருந்து உள்ளே ஏறுவதைக் கெடுக்கும் என்பதால் அரை மணி கழித்துத்தான் இட்லி வைக்கிறேன். எட்டரைக்கு அவரே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்வார், ஏழு மணிக்கு ஒரு பொத்தான்கூட நுழையாது. அதனால் எட்டரைக்கு மேல் கூப்பிடு.

நீ அனுப்பிய பூனைக்காலிப் பொடி வந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து தேடி வாங்கியிருக்கிறாயே என்று மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க எனக்குப் பயம். டாக்டரைக் கேட்காமல் பிரிக்கமாட்டேன். பொடி அனுப்பத் தெரிந்தவனுக்கு ஒரு போன் போடத் தெரியாதா?

சித்தி மகள் கல்யாணம் ஆவணியில், அதை அப்புறம் எழுதுகிறேன். எட்டரைக்கு மேல், மறக்காதே. அவர் பதில் சொல்லக் கொஞ்ச நேரமாகும், அதுவரை நீயே ஏதாவது பேசிக்கொண்டிரு, லைனை வைத்துவிடாதே.

அம்மா