பாதையை மூடினால் பொருளும் வந்து சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே 20 அன்று உலக சுகாதார அவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. இதையொட்டி நாடுகள் தங்கள் ஆயத்தத் திட்டங்களைத் திருத்தும்போது, பூர்வகுடி மக்களைப் பற்றிய பகுதி ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியோர்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடக் கூடாது. ஊருக்குள் வரும் பாதையை மூடும் அதிகாரம் யாருக்கு, மூடியபின் உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீரும் உணவும் மருந்தும் கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருக்கு என்ற இரண்டையும் ஒரே ஆணையில் எழுதி வைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

மூடுவதால் பலன் உண்டா என்று கேட்பவர்கள் 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் பெருந்தொற்றில் பசிபிக் தீவுகளான சமோவாவுக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். ஆக்லாந்திலிருந்து நவம்பர் 7 அன்று வந்த தலூன் என்ற கப்பலை, மேற்குச் சமோவாவை ஆண்ட நியூசிலாந்து நிர்வாகம் தனிமைப்படுத்தாமல் ஆப்பியா துறைமுகத்தில் அனுமதித்தது. சில வாரங்களில் அங்கிருந்த மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துபோனார்கள். பக்கத்திலேயே உள்ள அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். அங்கே அந்தக் காய்ச்சலால் ஒருவரும் இறக்கவில்லை.

நூறு ஆண்டுகள் கழித்தும் இந்த அதிகாரம் எல்லா இடத்திலும் தெளிவாகவில்லை. ஆஸ்திரேலியாவில் கோவிட் பரவத் தொடங்கிய 2020 மார்ச் இறுதியிலேயே தொலைதூரப் பூர்வகுடிப் பகுதிகளுக்குள் வெளியார் நுழைவது சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்டது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலோ செயென் ரிவர் சூ என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்துக்குள் வரும் சாலைகளில் சோதனைச்சாவடி வைத்தபோது, அவற்றை அகற்றாவிட்டால் வழக்குத் தொடுப்போம் என்று மாநில ஆளுநரே எச்சரித்தார். தொற்று வாசலில் நிற்கும்போது யாருக்கு உரிமை என்று வாதாடுவது உயிரோடு விளையாடுவது. முன்பே எழுதி வைத்திருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது.

அதேசமயம், வெறும் சாவடி ஊரைக் காப்பாற்றாது. அமெரிக்காவில் நவஹோ பூர்வகுடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசத்தில் வார இறுதி ஊரடங்கு கண்டிப்பாகவே இருந்தது. ஆனால் சுமார் 30 விழுக்காடு வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு மளிகைக் கடைகள் 13தான். தண்ணீருக்கும் உணவுக்கும் வெகுதூரம் போய் ஒரே இடத்தில் கூட வேண்டியிருந்தபோது, ஊரடங்கு தடுத்த தொற்றைக் கடை வாசல் கொடுத்துவிட்டது. பூர்வகுடி அரசுகளுக்கென 800 கோடி டாலர் ஒதுக்கிய சட்டம் மார்ச் 27 அன்றே கையெழுத்தாகியும் பணம் போகத் தொடங்கியது மே மாதத்தில்தான். தொற்று அதுவரை காத்திருக்கவில்லை.

ஆகவே கணக்கை இப்போதே போட்டு வைக்க வேண்டும். நெருக்கடிக் காலத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது மனிதநேயப் பணிகளில் ஏற்கப்பட்ட அளவு. எட்டுப் பேர் உள்ள வீட்டை 14 நாள் தனிமைப்படுத்தினால் 1,680 லிட்டர், அதாவது 200 லிட்டர் பீப்பாயில் ஒன்பது. குளியல் சோப்பு ஆளுக்கு மாதம் 250 கிராம். இது வீட்டு வாசலுக்கு வராவிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போயே தீருவார். அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சாவடிக்கும் இதேபோல் கணக்கு உண்டு. எந்நேரமும் இருவர் நிற்க, மூன்று முறைப்பணிக்கு ஆறு பேர் வேண்டும்; விடுப்பையும் நோயையும் சேர்த்தால் ஒன்பது பேர். அவர்கள் அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும், கூலியும் கொடுக்க வேண்டும். சரக்கு லாரி எல்லையிலேயே இறக்கிவிட்டுத் திரும்ப, ஊரின் வண்டி அங்கிருந்து ஏற்றிச் செல்லட்டும். ஆம்புலன்சுக்கும் பிரசவத்துக்குப் போகும் வண்டிக்கும் நிற்காமல் போகும் அனுமதி முன்கூட்டியே தரப்பட்டிருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. பிரேசிலில் பூர்வகுடியினரிடையே முதலில் உறுதியான தொற்று, 2020 ஏப்ரலில் கொகாமா இனத்தைச் சேர்ந்த இளம் சுகாதாரப் பணியாளர் ஒருவருக்கு. அவரோடு வேலை பார்த்த அரசு மருத்துவருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தது. உள்ளே போகிறவர் அறிகுறி இல்லை என்று சொன்னால் போதாது. தனிமைக் காலத்தை முடித்து, பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்தபின் போக வேண்டும்.

ஊருக்குள் ஒருவருக்கு வந்துவிட்டால் அவரை எங்கே வைப்பது? ‘தனி அறையில் இருங்கள்’ என்ற அறிவுரை, ஓர் அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீட்டுக்குப் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் வில்கேனியா ஊரில் வீட்டு நெரிசல் ஆபத்தாக முடியும் என்று மாரி மா என்ற பூர்வகுடி சுகாதார அமைப்பு 2020 மார்ச்சிலேயே அமைச்சருக்கு எழுதியது. 2021 ஆகஸ்டில் தொற்று நுழைந்தபோது சிலர் கூடாரத்தில் தனித்திருக்க நேர்ந்தது. படுக்கை வசதியுள்ள வண்டிகள் வந்தது பரவியபிறகுதான். பள்ளியோ சமுதாயக் கூடமோ, எது தனிமை இடம் என்று ஊரார் முன்பே முடிவு செய்ய வேண்டும். அதுவும் முடியாத ஊரில், நோயாளியை வீட்டில் விட்டு முதியவர்களை வேறு வீட்டுக்கு மாற்றலாம். ஆனால் முதல் நாளிலேயே செய்தால்தான் பயன்; மூன்றாம் நாள் மாற்றினால் தொற்றும் அவர்களோடு போகும்.

தொலைவான ஊரில் ஆக்சிஜன் கணக்குதான் அடிக்கடி தவறுகிறது. 1,500 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் ஐந்து மணி நேரம் வரும். மூச்சுத்திணறல் கூடி 10 லிட்டர் ஆக்கினால் இரண்டரை மணி நேரம்தான். மருத்துவமனைக்கு நான்கு மணி நேரப் பயணம் என்றால், ஒரு சிலிண்டரோடு கிளம்பிய நோயாளிக்குப் பாதி வழியில் தீர்ந்துவிடும். கூடுதல் ஓட்டத்துக்குக் கணக்கிட்டு, தாமதத்துக்கும் சேர்த்து அதைப்போல் இரு மடங்கு ஏற்ற வேண்டும். இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை விரலில் மாட்டி அளக்கும் ஆக்சிமீட்டர், கருமையான தோலில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் ஒரு தடவை பார்த்த எண்ணை நம்பி வீட்டுக்கு அனுப்பாமல், சில நிமிடம் ஓய்வுக்குப்பின் அளந்து, நாற்பது காலடி நடக்கவைத்து மறுபடி அளக்க வேண்டும். மூன்று புள்ளி குறைந்தால் மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும், ஊரில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தடுப்பூசியில் தடையாக நிற்பது பெரும்பாலும் வீணாகும் டோஸ் பற்றிய அச்சம். குப்பியில் பத்து டோஸ். திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். 23 பேர் உள்ள குடியிருப்பில் மூன்று குப்பி திறந்தால் ஏழு டோஸ் வீண். மேலிடத்தில் கேள்வி வரும் என்று செவிலியர் மூன்றாவதைத் திறக்கத் தயங்குகிறார், மூன்று பேர் ஊசி போடாமல் திரும்புகிறார்கள். வீணாகும் அளவுக்கான உச்சவரம்பிலிருந்து சிறு குடியிருப்புகளுக்கு எழுத்து மூலம் விலக்கு தாருங்கள். இன்னொரு தவறு குளிர்பெட்டியில் நடக்கிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பொதியை அப்படியே அடுக்கினால், உறையக் கூடாத தடுப்பூசி உறைந்து பயனற்றுப் போகும். பொதியை ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்து, பிறகுதான் அடுக்க வேண்டும். யாருக்கு முதலில் என்பதையும் அந்தச் சமூகமே சொல்லட்டும். அமெரிக்கப் பூர்வகுடி அரசான செரோக்கி தேசம் தன் மொழியைச் சரளமாகப் பேசுவோரை முன்வரிசையில் வைத்தது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தலைநகரில் போட்ட பட்டியலில் இப்படி ஒரு வரிசை தோன்றியிருக்காது.

நம்பிக்கையைக் கெடுப்பது எளிது. 2009 பன்றிக்காய்ச்சலின்போது கனடாவின் மானிடோபாவில், சானிடைசரில் ஆல்கஹால் இருக்கிறது என்று விவாதித்ததில் பூர்வகுடி ஊர்களுக்கு அது தாமதமானது. அதே ஆண்டு செப்டம்பரில் அங்குள்ள சில ஊர்களுக்குப் போன மருத்துவப் பொருள்களோடு பிணப்பைகளும் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் அரசு தங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று எண்ணியிருப்பார்கள்! எந்தப் பெட்டியில் என்ன போகிறது என்ற பட்டியல், பெட்டி கிளம்புமுன் ஊர்ப் பொறுப்பாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

கடைசியாக, எண்ணிக்கை. பிரேசில் அரசின் பூர்வகுடி சுகாதாரத் துறை நகரங்களில் வாழும் பூர்வகுடியினரைத் தன் கணக்கில் சேர்க்காததால், பூர்வகுடியினரின் கூட்டமைப்பான அபிப் (APIB) தனியே எண்ண வேண்டியிருந்தது. மருத்துவமனைப் படிவத்தில் ‘எந்தச் சமூகம்’ என்ற கட்டம் இருக்க வேண்டும். நோயாளியே சொல்ல, அதை நிரப்ப வேண்டும், பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. ஆனால் ஐம்பது பேர் வாழும் குடியிருப்பில் ‘ஒருவருக்குத் தொற்று’ என்று ஊர்ப் பெயரோடு வெளியிடுவது, அந்த ஆளின் பெயரையே வெளியிடுவதற்குச் சமம். முழு விவரம் முதலில் அந்த ஊர்ச் சபைக்குப் போகட்டும். பொதுவெளிக்குப் பல ஊர்களைச் சேர்த்த தொகை போதும். எந்த எண்ணிக்கைக்குக் கீழே வெளியிடக் கூடாது என்ற வரம்பையும் அந்தச் சபைகளே தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்