என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யார் கேட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ருட்டி பலா வந்து இறங்கியும் என் மாமியார் ஒரு சுளைகூடக் கடிக்கவில்லை. முன்பற்களைப் பாதி மூடும் அளவுக்கு ஈறு தடித்திருந்தது, தொட்டால் ரத்தம். மஞ்சக்குப்பத்துக்கு பஸ் ஏறி இரண்டு இடத்தில் காட்டினோம். "சரியாகப் பல் விளக்குவதில்லை" என்று சொல்லி, சுத்தம் செய்து அனுப்பினார்கள். எழுபது வயதில், அதுவும் மருமகள் எதிரில், அந்தப் பேச்சைக் கேட்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

மூன்றாவதாகப் பார்த்த பல் மருத்துவர்தான், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, "என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?" என்றார். பிரஷருக்காக நாலு வருடமாகச் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்கு ஈறை இப்படி வளர்த்துவிடுமாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் அப்படித்தானாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிய பிறகு, சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. (பல்லில் காரை படிந்திருந்தால் இந்த வீக்கம் கூடும் என்றும் அவர் சொன்னார். ஆக, முதலில் திட்டியவர்கள் முழுக்கத் தப்பில்லை.)

வீட்டுக்கு வந்து மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். சளி மாத்திரை வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஆஸ்துமா இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படரலாம். என் கணவரின் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின், சிலருக்கு நாக்கில் பித்தளைச் சுவையைத் தரும். சாம்பார் சரியில்லை என்று இத்தனை நாள் பேச்சு வாங்கியது நான்!

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். கொண்டுவருபவர்கள் "வாயில் ஏதும் தொந்தரவு உண்டா?" என்றும் கேட்கலாம். பல் மருத்துவமனைச் சீட்டில் மாத்திரைப் பெயர் எழுத ஒரு வரி ஒதுக்கலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி நிறுத்தி, பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மருந்தின் பக்க விளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு, நோயாளிகளே கூப்பிடலாம். எங்கள் பக்கத்து மருந்துக் கடைகள் எதிலும் அந்த எண்ணை எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்