வண்டி வளைவில் எழுத்து போட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றி

சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்கு அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடமிட்டு ஊர்வலம் வருவோமே, அந்த வண்டி வேடிக்கையில் இந்த ஆடிக்கு எங்கள் தெரு வண்டியைப் பார்த்தவர்கள், அம்மன் வேடத்துக்கு அடுத்தபடியாக விசாரித்தது முகப்பு வளைவில் இருந்த எழுத்தைத்தான். ‘ஓம் சக்தி பராசக்தி’ என்று வில்லாக வளைந்து நின்ற அந்த எழுத்தை யார் போட்டது, எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்கள். அச்சுக்கூலி தவிர ஒரு பைசா செலவில்லை. பலர் கூடிச் செய்த வேலை அது. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் கன்னங்குறிச்சித் தம்பி. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுப் பழைய கணினியில் லிப்ரே ஆபிஸை ஏற்றிக் கொடுத்தார். 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வளர்ந்த மென்பொருள் அது. யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அதில் ஆவணம் எழுதும் பகுதியான ரைட்டரைத் திறந்து, இன்செர்ட் மெனுவில் ஃபான்ட்வொர்க்கைத் தொட்டால் அலங்கார எழுத்து வடிவங்கள் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வந்து நிற்கும் சொல்லின் மேல் இரண்டு முறை சொடுக்கி, நமக்கு வேண்டியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். மஞ்சள் புள்ளியைப் பிடித்து இழுத்தால் வளைவு கூடும், குறையும்.

இதெல்லாம் சுலபம். சிக்கல் தமிழில்தான் வந்தது. எழுத்துருவை எத்தனை மாற்றினாலும் தமிழ் எழுத்து அசையவே இல்லை. தம்பி சொன்ன பிறகுதான் காரணம் விளங்கியது: ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு வேறு எழுத்துரு என்று அந்த மென்பொருள் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை இயக்க வேண்டும். அப்புறம் ஃபார்மேட் மெனுவில் கேரக்டரைத் திறந்தால் தமிழுக்கென்று தனிக் கட்டம் இருக்கும். அங்கே ‘பாலூ தம்பி’ எழுத்துருவைப் போட்டதும், தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி தடித்த, உருண்ட எழுத்து வந்தது. இதைத் தமிழில் பொறுமையாக ஒருவர் உட்கார்ந்து சொல்லித் தருவது எவ்வளவு பெரிய உதவி என்பது, அந்தக் கட்டத்தைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அஸ்தம்பட்டி தட்டச்சு ஆசிரியை அம்மாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். உபயதாரர் பட்டியல் முழுக்கப் பழைய பாமினி எழுத்துருவில் கிடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அம்மா எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரிலும் ஒற்று, கால், கொம்பு சரியா என்று படித்துப் பார்த்துக் கொடுத்தார். பெயர் தப்பாக அச்சானால் கொடுத்தவர் மனசு என்ன பாடுபடும்!

போர்டு எழுதும் பெரியவரைப் பற்றி நிறையச் சொல்லலாம். கணினியைத் தொடாதவர். ஆனால் திரையைப் பார்த்த உடனேயே, “எல்லா எழுத்தையும் ஒரே உயரமா இழுக்காதீங்க” என்றார். ஃபான்ட்வொர்க்கில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது அழகாக இருக்கலாம். தமிழில் ‘ப’வும் ‘ச’வும் ‘தி’யின் உயரத்துக்கு நீண்டுவிடும், ‘தி’யின் மேல்வளைவு தனித்து எழும்பி நிற்பதுதானே அதன் அழகு? பொத்தானை விட்டுவிட்டோம். மஞ்சள் எழுத்து, அடர்சிவப்புப் பின்னணி என்று வண்ணம் சொன்னவரும் அவர்தான். சீரியல் விளக்கு வெளிச்சத்தில் வேறெந்த நிறமும் அப்படி எடுபட்டிருக்காது என்பது என் எண்ணம்.

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்து அண்ணன், படமாகத் தராமல் பிடிஎஃப் ஆகத் தரச் சொன்னார். படமாகத் தந்தால் பெரிதாக்கும்போது விளிம்பு புள்ளி புள்ளியாக உடையும். பிடிஎஃப்பில் எழுத்து கோட்டுருவமாகவே போகும் என்பதால் எத்தனை அடிக்கு நீட்டினாலும் கூர்மை கெடாது. சின்னத் தாளில் அமைத்ததை வண்டியின் அகலத்துக்கு அவர்தான் பெரிதாக்கித் தந்தார். திருவிழா நெருக்கடியிலும் முதலில் ஒரு சிறு மாதிரி அடித்துக் காட்டி, எங்கள் சம்மதம் கேட்ட பிறகே முழுசாக அடித்தார்.

நாங்கள் முகம் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். லிப்ரே ஆபிஸை எழுதுகிறவர்கள், அதன் மெனுக்களைத் தமிழாக்கும் தன்னார்வலர்கள், பாலூ தம்பியை வடிவமைத்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட மும்பை ஏக் டைப் குழுவினர். உங்கள் உழைப்பு சேலத்தில் ஒரு வண்டியின் நெற்றியில் ஏறி, ராத்திரி முழுக்கக் குகையைச் சுற்றி வந்தது. நன்றி.

அந்தக் கோப்பையும் எழுத்துருவையும் பென்டிரைவில் வைத்திருக்கிறோம். அடுத்த ஆடிக்கு வண்டி கட்டும் எந்தத் தெருக்காரர்களும் வாங்கிக்கொண்டு போய், தங்கள் அம்மன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். தமிழ் எழுத்துருக் கட்டம் எங்கே இருக்கிறது என்று கூடவே உட்கார்ந்து காட்டித் தருகிறோம்.

அன்புடன்,
தெருக்காரர்கள் சார்பில்,
குகை, சேலம்