பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பழைய டி.வி.யை வீட்டிலேயே சரிசெய்வது பற்றி வந்திருந்த குறிப்பைப் படித்தேன். தூசி தட்டுவது, விட்டுப்போன சால்டரைத் திரும்பப் பிடிப்பது எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. பாதுகாப்பு என்று வந்த இடத்தில் மட்டும் 'பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை நம்பி யாராவது உள்ளே கைவிட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து விருதுநகரில் டி.வி. ரிப்பேர் பார்த்தவன் நான்.

டியூப் டி.வி. இன்னும் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டாம். 2006-ல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் மட்டுமே ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 அங்குலக் கலர் செட்டுகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போயின. சில இன்னும் செட்டாப் பாக்ஸோடு ஓடிக்கொண்டிருக்கின்றன, சில பரணில் கிடக்கின்றன. இப்போது அதைத் தூசி தட்டி எடுப்பவர்கள் கல்லூரிப் பையன்கள். பழைய வீடியோ கேமுக்கு அதுதான் பொருத்தமாம். துப்பாக்கியால் திரையைச் சுடும் அந்தக் கால கேம் எல்.இ.டி.யில் வேலை செய்யாது, அதனால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பிக்சர் டியூபுக்கு 14 அங்குலச் செட்டிலேயே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும். 29 அங்குலம் என்றால் முப்பதாயிரத்தை நெருங்கும். டியூபின் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் மின்சாரம் கடத்தும் பூச்சு உண்டு, நடுவில் கண்ணாடி. ஆக, டியூபே ஒரு பெரிய கெப்பாசிட்டர், அதாவது சார்ஜைச் சேர்த்து வைக்கும் பாகம். பிளக்கைப் பிடுங்கி நாள் கணக்கானாலும் சார்ஜ் உள்ளே நிற்கலாம். பிந்தைய செட்டுகள் பலவற்றில் அதை வடியவைக்கும் ரெசிஸ்டர், டியூபுக்கு ஹைவோல்டேஜ் கொடுக்கும் எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே இருக்கும், ஆனால் அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஷாக்கைவிட, அது அடித்ததும் கை வெடுக்கென்று பின்னால் வருகிறதே, அதுதான் ஆபத்து. முழங்கை டியூபின் கழுத்தில் பட்டு உடையும், இல்லை செட்டே காலில் விழும்.

முறை இதுதான். டியூபின் பின்புறத்தை ஒட்டி ஒரு பின்னல் எர்த் கம்பி ஓடும். நல்ல கைப்பிடி உள்ள நீள ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டில் ஒரு வயரைக் கட்டி, அதன் மறுமுனையை முதலில் அந்தப் பின்னல் கம்பியில் கிளிப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் முனையை ஆனோட் ரப்பர் மூடிக்கு (ஹைவோல்டேஜ் வயர் டியூபில் சேரும் இடத்து மூடி) அடியில் மெதுவாக நுழைக்கலாம். போர்டில் கண்ட இடத்தில் எர்த் எடுத்தால் ஐ.சி. போய்விடும். ஒருமுறை இறக்கிவிட்டு நிம்மதியாக உட்காரக் கூடாது, கொஞ்ச நேரத்தில் சார்ஜ் திரும்ப ஊறி வரும். பத்து நிமிடம் விட்டு மறுபடியும் இறக்குங்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான். 230 வோல்ட் ஏ.சி. அதில் ஏறக்குறைய 320 வோல்ட் டி.சி.யாக நிற்கும். ஓடுகிற செட்டை அணைத்தால் அது தானாகவே வடிந்துவிடும். பவர் சப்ளை செத்துப்போன செட்டில் வடிய வழி கிடையாது, அப்படியே நிற்கும். வீட்டில் யாராவது டி.வி.யைத் திறந்தால் அது பெரும்பாலும் ஓடாத செட்டாகத்தான் இருக்கும் என்பதை அந்தக் குறிப்பை எழுதியவர் யோசிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து 'பட்' என்று வெடிக்கவிடுவது சிலருக்கு வீரம். ஹோல்டரில் 100 வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டு, அதன் இரண்டு வயரையும் கெப்பாசிட்டரின் கால்களில் வைத்தால் அமைதியாக இறங்கிவிடும். அப்புறம் மீட்டரை டி.சி. ரேஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன், செட் ஓடும்போது மீட்டரின் கறுப்பு வயரை எர்த்தில் கிளிப் போட்டுவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் சிவப்பு முனையால் தொடுவார். பாக்கெட்டில் போடு என்பார்கள், அவர் எப்போதும் வேட்டி, பாக்கெட்டுக்கு எங்கே போவது? ஒரு கையால் வேலை செய்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாய வழி குறையும். மோதிரம், கைக்காப்பு எல்லாம் கழற்றிவிட வேண்டும். செல்போன் சர்வீஸ் பழகிய பையன்கள் கையில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு டி.வி.யைத் திறக்கிறார்கள். இங்கே உடம்பு எர்த்தோடு சேர்ந்திருந்தால் கரண்ட் பாய வழி கிடைத்துவிடும், அதுவே ஆளைக் கொல்லும்.

கேம் விளையாடுபவர்களுக்கு இன்னொன்று. ஏ.வி. சாக்கெட் (வெளிச் சாதனத்தின் படம், ஒலி வயரைச் செருகும் துளை) இல்லாத பழைய செட்டுகள் பலவற்றில் சேசிஸ், அதாவது உள்ளே இருக்கும் போர்டின் எர்த் பகுதி, நேரடியாக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க ஃபேஸ். அதில் ஒரு வயரைப் பற்றவைத்து வெளியே இழுத்தால், கையில் பிடிக்கும் கேம் ரிமோட் வரை கரண்ட் வரும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். வீட்டு ஸ்டெபிலைசர் மெயின்ஸைப் பிரித்துக் கொடுக்காது, அதற்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். சீரியஸ் லேம்ப் (மெயின்ஸுக்கும் செட்டுக்கும் நடுவில் தொடராகச் சேர்க்கும் குண்டு பல்பு) போட்டு செட்டை ஆன் செய்தால் ஷார்ட் இருந்தாலும் போர்டு தப்பிக்கும், ஆனால் ஷாக்குக்கு அது மருந்தல்ல. ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பி சுற்றுவதைப் பற்றி நான் எழுதியா தெரிய வேண்டும்? படம் மங்கல் என்று சப்ளை வோல்டேஜை ஏற்றுவதும் வேண்டாம். ஹைவோல்டேஜ் அளவு மீறினால் எக்ஸ்ரே கதிர் கசியும்.

டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் காயிலில் உள்ள செம்புக்காக டியூபைச் சுத்தியலால் உடைக்கும் பழைய இரும்புக் கடைகளையும் சொல்ல வேண்டும். டியூபுக்குள் வெற்றிடம். வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்துகிறது. 20 அங்குலத் திரையின் மேல் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் வரும். உடைந்தால் சில்லு முகத்துக்குத்தான் பாயும், அந்தக் கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. தூக்கும்போது திரையை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும், கழுத்தைப் பிடிக்கவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், டியூபையும் கெப்பாசிட்டரையும் டிஸ்சார்ஜ் செய்யும் முறையைப் படத்தோடு போடுங்கள். படம் வரைய ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே பென்சிலில் போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய டி.வி. மெக்கானிக்,
விருதுநகர்