விதை நெல்லின் உயிரை ஒரே நாளில் அறியலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விதை நெல்லின் முளைப்புத்திறன் முடிவு முழுமையாகத் தெரிய 14 நாள் ஆகிறது. அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். காத்திருக்க முடியாமல் பலர் நாற்றங்காலில் தெளித்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் விதை ஆய்வாளர் லாகோன் 1940-களில் உருவாக்கிய டெட்ரசோலியம் சோதனையில் மறுநாளே விடை தெரியும். விதைப்புப் பருவத்தில் வரும் எல்லா விதை நெல் மாதிரிக்கும் விதைப் பரிசோதனை நிலையங்கள் இதைச் செய்து சொல்ல வேண்டும்.

நெல்லை 18 மணி நேரம் ஊறவைத்து, முளைக்கருவின் நடுவே நீளவாக்கில் பிளேடால் பிளக்க வேண்டும். ஒரு பாதியை மட்டும் 1 சதவீத டெட்ரசோலியம் உப்புக் கரைசலில் (100 மில்லிக்கு 1 கிராம்) மூழ்கவைத்து, 30 டிகிரி செல்சியஸில், இருட்டில் 2 மணி நேரம் வைத்தால் போதும். உயிருள்ள திசுவிலுள்ள நொதிகள் நிறமற்ற உப்பைச் சிவப்பாக்கும். செத்த திசு வெள்ளையாகவே நிற்கும்.

பிழை நேர்வது பெரும்பாலும் கரைசலிலும் வெட்டிலும்தான். கரைசலின் அமில காரத்தன்மை (pH) 6.5-க்கும் 7.5-க்கும் இடையே இல்லாவிட்டால் நல்ல விதையும் சரியாகச் சிவக்காது. வெளிச்சம் பட்டு இளஞ்சிவப்பான கரைசலைக் கொட்டிவிட வேண்டும். வெட்டு முளைக்கருவை விட்டு விலகினால் அந்த விதையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நிறத்தையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும்: எங்கும் ஒரே சீரான சிவப்பு நல்ல விதை, கருஞ்சிவப்பாகித் தொளதொளத்தது நலிந்த விதை. முளைக்கருவை ஒட்டிய கேடயப் பகுதியின் நடுவில் வெள்ளை இருந்தால், சூடேறிக் கெட்டதா என்று சந்தேகிக்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சோதனை உயிரைக் காட்டுமே தவிர உறக்கத்தை, அதாவது உயிரிருந்தும் முளைக்காத நிலையை, காட்டாது. புதிதாக அறுத்த நெல் இதில் 90 சதவீதம் காட்டிவிட்டு, முளைப்புச் சோதனையில் 50 சதவீதம் மட்டும் முளைக்கலாம். அது பெரும்பாலும் உறக்கம்; லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து 16 மணி நேரம் ஊறவைத்தால் பெரும்பாலும் தீரும். இரண்டிலும் 50 என்றால் பாதி விதை செத்தது. விதையளவைக் கூட்டி ஈடுகட்டப் பார்ப்பதைவிட வேறு விதை வாங்குவதே நல்லது. ஆகவே இரண்டு எண்களையும் ஒரே அறிக்கையில் அச்சிட வேண்டும். சான்று விதைக்கு 80 சதவீத முளைப்பு என்ற வரம்பு அப்படியே இருக்கட்டும். அதைத் தளர்த்தக் கேட்கவில்லை. உயிர்ச் சோதனை முடிவை மட்டும் மாதிரி வந்த மறுநாளே கைப்பேசிக்கு அனுப்புங்கள்.