அளவைக் கேட்பதற்கு முன்

ஆரையம்பதி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ உருவாக்கிவரும் மென்பொருளைப் பற்றித் தொலைபேசியில் முழுமையாகப் பேச முடியாததால் எழுதுகிறேன். வரையத் தெரியாத ஒருவரும் தம் வீட்டுக்கு வேண்டிய பொருளின் அளவுகளை மாற்றி, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற உன் எண்ணம் நல்லதுதான். ஆனால் அவரிடம் எந்த அளவைக் கேட்பது என்பதை நீ இன்னும் யோசிக்க வேண்டும்.

அம்மம்மாவின் அகப்பைக்கு நீ அனுப்பிய கைபிடி உறையின் வடிவமைப்பையே எடுத்துக்கொள். விரல் நீளமும் உள்ளங்கை அகலமும் அதில் கேட்கப்பட்டிருந்தன. வாதத்தால் அவருடைய விரல்கள் முழுதாக மடங்குவதில்லை என்பதால், தேவைப்பட்டது கையின் அளவன்று, கை மூடும்போது உள்ளே எஞ்சும் இடைவெளியின் அளவு. பிசைந்த கோதுமை மா உருண்டையொன்றைக் கொடுத்து, கறியைக் கிளறுவதுபோலப் பிடிக்கச் சொன்னேன். விரல்கள் பதிந்த மாவின் தடிப்பு நடுவில் 38 மில்லிமீற்றர், சுண்டுவிரல் பக்கம் 31. அந்த எண்களை இட்டு அச்சிடுவித்த உறை சரியாக அமைந்தது. இப்போது அவரே கிளறுகிறார். உப்புப் போதாதென்று உன் அம்மாவைக் கண்டிக்கவும் செய்கிறார்.

அடுத்தது அச்சிடும் திசை. இந்த இயந்திரம் பிளாஸ்டிக் இழையை உருக்கி, பெரும்பாலும் 0.2 மில்லிமீற்றர் அளவான படைகளாக ஒன்றின்மேல் ஒன்று இடுவதால், படைகளுக்கு இடையிலான ஒட்டே அதன் பலவீனமாகிறது. நிறுத்தி அச்சிட்ட கொக்கியில் பாரமான பையை மாட்டினால் படை வழியே முறிந்துவிடும். அதையே படுக்கவைத்து அச்சிட்டால் தாங்கும். மரத்தின் நாரோட்டம் பாராமல் கதிரைக் கால் அறுக்கும் தச்சன் எவனும் இல்லை. பாரம் எந்தப் பக்கம் வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, திசையை உன் மென்பொருளே தீர்மானிக்கட்டும்.

பொருள் எங்கே இருக்கப்போகிறது என்பதையும் கேள். சோளம் முதலிய பயிர்களின் மாச்சத்திலிருந்து பெறப்படும் பிஎல்ஏ இழை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். அடுப்படிக்கும், சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்கும் அது உதவாது. அதனால்தான் உறையை அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி இழையில் செய்வித்தேன்.

தன் பாகங்களைத் தானே அச்சிடும் இயந்திரத்தை உருவாக்க இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டமும், இழை உருக்கும் முறையின் முதன்மைக் காப்புரிமை 2009இல் முடிந்ததும் இந்த இயந்திரங்களின் விலையை இறக்கின என்று நீயே சொன்னாய். வடிவமைப்பு மட்டும் இன்னும் சாதாரண ஆளுக்கு எட்டவில்லை. திரையில் இருபது அளவுகளை வைத்து எல்லாவற்றையும் மாற்றலாம் என்பதை நீங்கள் பெருமையாகக் கருதுகிறீர்கள்; எனக்கோ அது நம் வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதாகவே படுகிறது. மூன்று நல்ல கேள்விகள், அதுவும் தமிழில், போதும்.

மாமி தண்ணீர்க் குழாய்க்கு நீண்ட பிடியொன்று கேட்கிறார். அவர் குழாயைத் திறக்கும்போது மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்புகிறார், எங்கே வலிக்கிறது என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதுவரை அந்தப் பிடியின் வடிவமைப்பை முடித்துவிடாதே.

அன்புடன்,
அப்பா